கூர் மழுங்கியபின் என்ன செய்வீர்கள்?

(மலையேற்ற ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காட்டுக்கும் மலைக்கும் போகிறவர் என்ன கத்தி வாங்கலாம், கோடரி தேவையா, பையில் வேறென்ன இருக்க வேண்டும் என்று பேச அழைத்திருக்கிறீர்கள். வாங்குவது பற்றி மட்டும்தான் என்றால் கடைக்காரரே என்னைவிட நன்றாகப் பேசுவார். ஆகவே கடைக்குப் போகுமுன் உங்களை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன். வட இத்தாலியில், போல்சானோ என்ற ஊரில் இருக்கிறது. ஒரு மனிதனின் உடலும், அவன் கடைசியாகத் தூக்கிச் சென்ற சாமான்களும்தான் அங்கே முதன்மைக் காட்சி.

1991 செப்டம்பர் 19 அன்று, ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையை ஒட்டிய ஓட்ஸ்டால் ஆல்ப்ஸ் மலையில், 3,210 மீட்டர் உயரத்தில், ஹெல்முட் சைமன், எரிகா சைமன் என்ற ஜெர்மானியத் தம்பதியர் பாதையை விட்டுச் சற்று விலகி நடந்தார்கள். உருகிய பனிக்குள் ஓர் உடல் தெரிந்தது. யாரோ மலையேறி விபத்தில் இறந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மீட்கப் போனவர்கள் காற்றழுத்தத் துளைக்கருவியை வைத்துப் பனியைக் குடைந்ததில் பிணத்தின் இடுப்பே சேதமாயிற்று. சில நாள் கழித்து இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் கொன்ராட் ஸ்பிண்ட்லர் அங்கே கிடைத்த கோடரியைப் பார்த்தார். குறைந்தது நாலாயிரம் ஆண்டு என்றார். அவர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார். கரிமக் கணிப்பில் ஐயாயிரத்து முந்நூறு ஆண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்ஸி என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள்.

தொல்லியலாளருக்கு ஓட்ஸி ஏன் முக்கியம் என்பது வேறு கதை. எனக்கும் உங்களுக்கும் அவன் முக்கியமாவது ஒரே காரணத்தால். பழங்கால மனிதரின் கருவிகள் பெரும்பாலும் கல்லறையிலிருந்துதான் நமக்குக் கிடைக்கின்றன. கல்லறையில் வைப்பவை உறவினர் தேர்ந்தெடுத்தவை. அழகானவை, புதியவை, மரியாதைக்குரியவை. ஓட்ஸியிடம் இருந்தவை யாரும் தேர்ந்தெடுத்து வைத்தவை அல்ல. நடுவழியில் இருந்த ஒருவனின் பை அப்படியே உறைந்து போயிருக்கிறது. பாதி தேய்ந்தது, உடைந்தது, வேலை முடியாதது எல்லாம் அதில் உண்டு.

கோடரியிலிருந்து தொடங்குவோம். அலகு செம்பு, ஏறக்குறைய கலப்பில்லாத செம்பு, நீளம் ஒன்பதரை சென்டிமீட்டர். தாது எங்கிருந்து வந்தது என்று பின்னால் ஆராய்ந்தபோது இத்தாலியின் டஸ்கனிப் பகுதியைக் காட்டியது. அவன் இறந்த இடத்திலிருந்து வெகு தெற்கே. காம்பு யூ மரம், 60 சென்டிமீட்டர். இந்தக் காம்பை நம் ஊர்த் தச்சர் யாராவது பார்த்தால் மெச்சுவார். கிளை திரும்பும் இடத்தில் மரத்தை வெட்டி, அந்த இயற்கையான வளைவையே கோடரியின் தலையாக ஆக்கியிருக்கிறான். நேரான கட்டையைக் குடைந்து செய்திருந்தால் நார் அறுந்து, நாலு வெட்டில் பிளந்திருக்கும். இங்கே நார் தலைவரை அறுபடாமல் ஓடுகிறது. அலகை அதன் பிளவுக்குள் வைத்து, பூர்ச்ச மரப் பட்டையிலிருந்து வடித்த கீலால் ஒட்டி, தோல்வாரால் இறுக்கிக் கட்டியிருக்கிறான். இதே மாதிரி ஒன்றைச் செய்து சோதித்தவர்கள், நடுவில் தீட்டாமலே 35 நிமிடத்தில் ஒரு யூ மரத்தைச் சாய்த்திருக்கிறார்கள். செம்பு மென்மையானது என்று ஏளனம் செய்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கத்தி அதைவிடச் சுவாரசியமானது. சிக்கிமுக்கிக் கல்லில் செய்த சின்னக் குத்துக்கத்தி. பிடியோடு சேர்த்தே உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் நீளம். 13 சென்டிமீட்டர் சுமார். பிடி ஆஷ் மரம். லிண்டன் மரப்பட்டை நாரால் பின்னிய உறை. கத்தியின் முனை உடைந்திருக்கிறது. அவனிடம் இருந்த மற்ற கல் கருவிகளான சுரண்டி, துளையிடும் ஊசிக்கல் எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் வைத்து ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான கருவிகள் திரும்பத் திரும்பக் கூர் ஏற்றப்பட்டு, அவற்றின் ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருந்திருக்கின்றன. நல்ல கல் கிடைக்கும் இடத்துக்குப் போய்ப் பல நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறான். வலக்கைப் பழக்கக்காரன் என்பதுகூடத் தேய்மானத்திலிருந்து தெரிந்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த பொருள். முதலில் கண்டெடுத்தபோது இது என்னவென்று அறிஞர்களுக்கே விளங்கவில்லை. 12 சென்டிமீட்டர் நீளமுள்ள லிண்டன் கிளைத்துண்டு. பட்டை உரித்து, ஒரு முனையைச் சீவி, நடுவில் ஒரு மான்கொம்புச் சிம்பைச் செருகியிருக்கிறது. பார்த்தால் தடித்த பென்சில் மாதிரி. கொம்பு முனை நெருப்பில் காட்டிக் கடினமாக்கப்பட்டது. கல் கத்தியின் விளிம்பில் இதை வைத்து அழுத்தினால் சின்னச் சின்னச் செதில்கள் தெறித்துப் புதிய கூர் பிறக்கும். கொம்பு தேயத் தேய மரத்தைச் சீவிக்கொள்ளலாம். அதாவது, அவனுடைய சாணைக்கல் இது.

அவன் பையின் மற்றவற்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 1.82 மீட்டர் நீளத்தில் ஒரு வில். ஆனால் முடிக்காத வில். கோடரியால் செதுக்கிய தடம் இன்னும் இருக்கிறது, நாண் பூட்ட வெட்டு இல்லை. அம்பறாத்தூணியில் 14 அம்பு. அவற்றில் 12 வெறும் தண்டு. முனையும் இறகும் பொருத்திய இரண்டும் உடைந்தவை. கூடவே நாண் கயிறு, விலங்கின் தசைநார்க் கட்டு, கொம்புத் துண்டுகள். இடுப்புப் பையில் எலும்பு ஊசி. தீ மூட்ட உதவும் தணற்காளானும், அதில் ஒட்டியிருந்த பைரைட் பொடியும். பூர்ச்சப் பட்டையில் தைத்த இரண்டு டப்பாக்கள். ஒன்றின் உட்புறம் கரியேறியிருந்தது. அதில் மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும் இருந்தன. தணலை இலையில் சுற்றி எடுத்துப்போய் அடுத்த இடத்தில் ஊதித் தீயாக்கும் ஏற்பாடு. ஹேசல் கொம்பை வளைத்து, குறுக்கே லார்ச் பலகை வைத்த ஒரு சட்டமும் கிடைத்தது. பெரும்பாலோர் அதை முதுகுச்சுமைச் சட்டம் என்கிறார்கள், சிலர் பனியில் நடக்கும் காலணியின் பகுதி என்கிறார்கள். அவனுடைய காலணியைச் செக் நாட்டுக் காலணி நிபுணர் பீட்டர் ஹ்லவாசெக் அதே தோல், அதே புல்லில் செய்து பார்த்து, நடைக்கு அருமையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே போடலாம், விட்டுவிடுகிறேன்.

கூட்டிப் பாருங்கள். இவனிடம் முழுதாக முடிந்த பொருள்கள் கொஞ்சம். செய்வதற்கும் செப்பனிடுவதற்குமான பொருள்கள் நிறைய. முதுகில் ஒரு சின்னப் பட்டறையே போகிறது. வலக்கையில், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, ஆழமான வெட்டுக்காயம். இறப்பதற்குச் சில நாள் முன்பு பட்டது. 2001இல் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் இடத் தோளுக்குள் ஓர் அம்புமுனை தெரிந்தது. எங்கோ சண்டை, ஆயுதம் போயிற்று, ஓடும் வழியிலேயே புதிய வில்லைச் செதுக்கிக்கொண்டு வந்தான் என்று ஒரு கதை கட்டலாம். கட்டியும் இருக்கிறார்கள். அந்தக் கதை சரியோ தவறோ, முடிக்காத வில் பொய் சொல்லாது.

நாம் நம் பைக்கு வருவோம். கடைகளிலும் இணையத்திலும் ‘சர்வைவல் கத்தி’ என்று விற்கிறார்களே, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி, பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் நூலும். இதன் பூர்வீகம் காடல்ல, திரையரங்கம். 1982இல் வெளிவந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் நடிகர் ஸ்டாலோன் கையில் இருந்த கத்தியை அமெரிக்கக் கத்திக் கொல்லர் ஜிம்மி லைல் வடிவமைத்தார். அவர் கைவேலையைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பார்த்துக் காப்பியடித்த மலிவுச் சரக்கில் பிடி குழாயாக இருக்கிறது. அலகின் வால் பிடிக்குள் முழுதாக இறங்கவில்லை. கொஞ்சம் பலமாக நெம்பினால் அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். தீக்குச்சி மட்டும் பத்திரமாக இருக்கும்.

தடிமனைக் கண்டு ஏமாறாதீர்கள். கத்தி வெட்டுவது ஆப்பின் தத்துவத்தில். முதுகு தடிக்கத் தடிக்க வெட்டுவதற்குப் பதில் பிளக்கத் தொடங்கும். தக்காளி நசுங்கும், கயிறு பிய்யும். இதை 19ஆம் நூற்றாண்டிலேயே உரக்கச் சொன்னவர் அமெரிக்கரான ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ். ‘நெஸ்மக்’ என்ற புனைபெயரில் எழுதியவர். குள்ளமான, மெலிந்த, நோயாளி மனிதர். தூக்கும் சக்தி குறைவு என்பதால் எடையைப் பற்றி யோசிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. பத்தரை பவுண்டு எடையுள்ள ஒரு சின்னப் படகைச் செய்வித்து, அதிலேயே நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் ஏரிகளில் பயணம் போனார். 1884இல் ‘உட்கிராஃப்ட்’ என்ற நூலை எழுதினார். மெல்லிய அலகுள்ள ஓர் உறைக்கத்தி, இரட்டை அலகுள்ள மடக்குக்கத்தி, இரண்டு பக்கமும் கூருள்ள கைக்கோடரி. இந்த மூன்றோடு தீர்ந்தது அவர் கருவிப்பட்டியல். அவர் காலத்தில் வேட்டைக்காரர்கள் இடுப்பில் தொங்கவிட்ட கனத்த கத்திகளை அவர் மதிக்கவே இல்லை.

இன்றைக்கு ஒரே ஒரு கத்தியைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் ஸ்வீடனைக் காட்டுவேன். அங்கே மூரா என்ற ஊருக்கு அருகே ஓஸ்ட்னோர் கிராமம். அமெரிக்காவில் சில ஆண்டு வேலைசெய்து திரும்பிய ஃப்ராஸ்ட்-எரிக் எர்சன் 1891இல் அங்கே மரம் இழுக்கும் சறுக்குவண்டிகள் செய்யும் பட்டறை தொடங்கினார். கத்தியும் செய்தார், பின்னால் வண்டி மறைந்தது, கத்தி நின்றது. இன்று மூராக்னிவ் என்ற பெயரில் வருகிறது. பத்து சென்டிமீட்டர் அலகு, இரண்டரை மில்லிமீட்டர் தடிமன், பிளாஸ்டிக் உறை, பார்க்க ஒன்றுமில்லை. அங்கே தச்சரும் மின்பணியாளரும் மீனவரும் வைத்திருக்கும் சாதாரணக் கத்தி.

அதை நான் சொல்வதற்கு விலை மட்டும் காரணமல்ல. பக்கவாட்டில் அலகின் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே சமச்சரிவு. விளிம்பில் இரண்டாவது சரிவு கிடையாது. அந்தச் சரிவைக் கல்லின் மேல் படியவைத்தால் கோணம் தானாக அமைந்துவிடும். முதன்முதலாகத் தீட்டுகிறவருக்கும் கை தவறாது. தீட்டத் தெரியாதவனிடம் இருக்கும் உயர்ந்த எஃகைவிட, தீட்டத் தெரிந்தவனிடம் இருக்கும் சாதாரண எஃகு ஆயிரம் மடங்கு மேல். ஓட்ஸியின் கொம்புக்குச்சியை அவ்வளவு நேரம் காட்டியது இதற்காகத்தான்.

மடக்குக்கத்தி வேண்டும் என்பவர்களுக்குப் பிரான்சின் சவோய் மலைநாட்டு ஓபினெல் இருக்கிறது. 1890இல் ஜோசஃப் ஓபினெல் தொடங்கியது. 1955இல் அலகைப் பூட்டும் சுழல்வளையம் சேர்ந்தது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வெட்ட இதைவிட இனிய கத்தி இல்லை. மழையில் மரப்பிடி ஊறிப் பருத்து அலகு திறக்க மறுக்கும். எண்ணெய் காட்டிப் பழக வேண்டும். சுவிஸ் இராணுவக் கத்தியும் 1891இல்தான் படைக்குப் போகத் தொடங்கியது. சிப்பாய்க்கு டப்பா உணவைத் திறக்கவும் துப்பாக்கியின் திருகைக் கழற்றவும் என்று உருவானது. நம் மலைநடைக்கு உண்மையில் அதன் கத்தரிக்கோலும் சிமிட்டாவும்தான் அதிகம் உதவும்.

கோடரிக்கு வருகிறேன். கோடரியின் அருமை தெரிய வேண்டுமானால் வட ஐரோப்பா, கனடா போன்ற குளிர்க்காட்டுக்குப் போக வேண்டும். அங்கே பனியிலும் மழையிலும் சுள்ளியெல்லாம் நனைந்திருக்கும். நின்றபடியே காய்ந்த பைன் மரத்தைத் துண்டாக்கிப் பிளந்தால் உள்வயிரம் மட்டும் உலர்ந்து கிடைக்கும். அந்த உலர்ந்த மரத்தை அடையும் வழிதான் கோடரி. அது இல்லாவிட்டால் இரவைக் கடப்பதே சந்தேகம். கடுங்குளிரில் எஃகும் நொறுங்கும். அதனால் பழைய மரவெட்டிகள் காலையில் கோடரித் தலையைக் கொஞ்சம் சூடேற்றிவிட்டே முதல் வெட்டைப் போடுவார்கள். அமெரிக்க மரவெட்டிகளின் இரட்டைக் கோடரியில் ஒரு பக்கம் மெல்லிய கூர், மரத்தை வெட்ட. மறுபக்கம் மொத்தையான கூர், கணுவைத் தாக்க. ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் பட்டறை 1902இலிருந்து நடக்கிறது. அங்கே அடிக்கும் கொல்லர் ஒவ்வொருவரும் தன் பெயரின் முதலெழுத்துகளைத் தலையில் பொறிக்கிறார். வர்ணம் பூசி மறைக்க முடியாத வேலை என்றால் அடிப்பவர் கவனமாகத்தானே அடிப்பார்?

வாங்கும்போது தலையைப் பார்ப்பதோடு காம்பின் அடிமுனையையும் பாருங்கள். மரத்தின் ரேகை அலகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் கைக்குள் முறியும். தலை தளர்ந்தால் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அது அன்றைக்கு இறுகும், காய்ந்தபின் முன்னைவிட ஆடும். ஆப்பு வைத்து இறுக்குவதுதான் வழி. இன்னொன்று: கைக்கோடரி சின்னது, ஆகவே ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். நீண்ட காம்புள்ள கோடரி குறி தவறினால் தரையில் இறங்கும். குட்டைக் காம்பு தவறினால் முழங்காலுக்குக் கீழே இறங்கும். சின்னக் கோடரியை மண்டியிட்டுத்தான் வீச வேண்டும்.

ஆனால் நம் மலைகளுக்கு? நேராகச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கப் போகிற உங்களில் யாருக்கும் கோடரி தேவையில்லை. காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோடைப் புல்மலையில் ஒரு பொறி போதும். இங்கே விறகுக்கு வேலையே இல்லை, பிறகு கோடரிக்கு என்ன வேலை?

நம் காட்டின் கருவி எப்போதும் வேறாகவே இருந்திருக்கிறது. குளிர்நாட்டில் எதிரே நிற்பது கட்டை. நமக்கு எதிரே நிற்பது கொடியும் முள்ளும் உண்ணிச்செடிப் புதரும். அவை கோடரிக்கு வளைந்து கொடுக்கும், வெட்டுப்படாது. ஆகவே வளைந்த முனையால் இழுத்துப் பிடித்து அறுக்கும் அரிவாளும், வீச்சுக்கு ஏற்ற வெட்டுக்கத்தியும் இங்கே பிறந்தன. மலேசியத் தோட்டத்துத் தமிழர்கள் பாராங் கத்தி என்பார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் அது அங்கே வாழ்கிறவர்களின், பிழைப்பு நடத்துகிறவர்களின் கருவி. வனத்துறை அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு ஒருநாள் இருநாள் போய்வரும் நமக்குப் பாதையை வெட்டித் திறக்கும் உரிமையும் இல்லை, தேவையும் இல்லை.

அப்படியானால் நம் பையில் என்ன? விரல் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு கத்தி. சோதனைச் சாவடியில் கேட்டால் மறைக்காமல் எடுத்துக் காட்டுங்கள். உள்ளங்கையளவு தீட்டுக்கல் ஒன்று. கோணி ஊசி, மெழுகு தடவிய நூல்; செருப்பு வாரும் பைப் பட்டையும் அறுவது நடுவழியில்தான். நாலைந்து முழம் நைலான் கயிறு. துணி ஒட்டுநாடாவைத் தண்ணீர்ப் பாட்டிலின் மேலேயே பத்துச் சுற்று சுற்றிக்கொள்ளலாம். தலைவிளக்கு. காயத்துக்குக் கட்டுத்துணி, இதை மறக்கக் கூடாது. வெட்டும்போது அலகு உடம்பிலிருந்து விலகி ஓடட்டும். உட்கார்ந்து இரு தொடைக்கு நடுவே வைத்துச் சீவாதீர்கள். அங்கே ஓடும் இரத்தக்குழாய் அறுந்தால் மலையிலிருந்து இறக்கும்வரை உயிர் தாங்காது. கை நீட்டினால் தொடும் தூரத்தில் யாரும் இருந்தால் கத்தியை எடுக்காதீர்கள்.

தீட்டுவதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தெருவில் வரும் சாணைக்காரர் சுழல்கல்லில் பிடிக்கும்போது பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமையலறை அரிவாள்மணைக்கு அது போதும். நல்ல கத்தியை உலர்ந்த சுழல்கல்லில் கொடுத்தால் மெல்லிய விளிம்பு சூடேறும். வைக்கோல் நிறம் தாண்டி நீலம் பூத்துவிட்டால் கொல்லர் கொடுத்த தோய்ச்சல் அங்கே போய்விட்டது. அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஆகவே கைக்கல்தான், தண்ணீர் விட்டுத்தான். சரிவைக் கல்லில் படியவைத்து, விளிம்பு முன்னே போகும்படி, கல்லைச் சீவுவதாக நினைத்துத் தள்ளுங்கள். மறுபக்க விளிம்பில் விரலைக் குறுக்கே வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும்; அது குதியிலிருந்து முனைவரை சீராக வந்தபின் திருப்பிப் போடுங்கள். வருடுவது குறுக்கே மட்டும், நெடுகே ஒருபோதும் வேண்டாம். இருபக்கமும் முடிந்தபின் முடிதிருத்துநர் சவரக்கத்தியைத் தோல்பட்டையில் இழுப்பாரே, அப்படி, பழைய இடுப்புவாரின் உட்புறத்தில் விளிம்பு பின்னே வரும்படி இழுத்தால் பிசிறு உதிரும். கோடரி என்றால் அரம் போதும். அதன் எஃகை அரம் பிடிக்கும் பதத்தில்தான் வைத்திருப்பார்கள்.

கத்தி கொண்டுவரச் சொல்லியிருந்தேன், பலர் கொண்டுவந்திருக்கிறீர்கள். பின்வரிசை மேசையில் கற்களும் தண்ணீர் வாளியும் தயார். கேள்விகளை அங்கே, கையில் வேலை நடக்கும்போதே கேளுங்கள். முதலில் வருகிறவருக்குச் சொரசொரப்புக் கல். சின்னக் குழந்தைகளைக் கொஞ்சம் தள்ளி உட்கார வையுங்கள்.